மாறியவர்களும் தேறியவர்களும்: கால்பந்தாட்டக் கேள்வி பதில்

கிளப் மாறிய பிறகு ஆட்டம் தேறிய வீரர்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை குமரிக் கடற்கரை ஊர்களிலிருந்தும், மார்த்தாண்டம், கருங்கல் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் ஐரோப்பிய நட்சத்திரங்களைக் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

முகமது சலா, கெவின் டி புரூய்னே இரண்டு பேரையும் இங்கிலாந்தின் செல்சி கிளப் கையை விட்டது. இரண்டு பேரும் பிறகு உலகமே பார்க்க ஆடினார்கள். செல்சிக்கு அப்போது கண் தெரியவில்லையா?
— வள்ளவிளை வாசகர்

கண் தெரிந்துதான் வாங்கினார்கள். 2013-ல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில் பாசெல் கிளப்புக்காகச் செல்சிக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் கோல் போட்டவர் சலா. அதைப் பார்த்துவிட்டுத்தான் 2014 ஜனவரியில் அவரை எடுத்தார்கள். டி புரூய்னேயை 2012 ஜனவரியிலேயே பெல்ஜியத்தின் கெங்க் கிளப்பிலிருந்து வாங்கியாயிற்று.

சிக்கல் வரிசையில் இருந்தது. அந்த நேரத்தில் செல்சியில், முன்னால் நின்று கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆட ஹசார்ட், வில்லியன், ஆஸ்கார், ஷூர்லே என்று நாலு பேர் இருந்தார்கள். களத்தில் இடமோ மூன்று. கோச் மொரீன்யோ, விங்கில், அதாவது ஓரத்தில், ஆடுகிறவன் பந்து போனதும் ஓடிவந்து தற்காப்பில் நிற்க வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். 22 வயதுப் பையன் பத்து நிமிடம் இறங்கி, ஒரு தப்புப் பண்ணினால் அடுத்த வாரம் பெஞ்ச். 2013–14 பிரீமியர் லீக்கில் டி புரூய்னே ஆடியது 3 ஆட்டம். சலா செல்சியில் இருந்த காலம் முழுக்க லீக்கில் 13 ஆட்டம், 2 கோல். இதை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

பிறகு நடந்ததில் பலர் பார்க்கத் தவறுவது நடுவில் இருந்த படியை. செல்சி பெஞ்சிலிருந்து யாரும் ஒரே தாவில் உச்சிக்குப் போகவில்லை. டி புரூய்னே 2012–13-ல் லோனில், அதாவது தற்காலிகமாக, ஜெர்மனியின் வெர்டர் பிரெமன் போய் 33 லீக் ஆட்டத்தில் 10 கோல் அடித்தார். திரும்பி வந்தும் இடம் கிடைக்காமல் 2014 ஜனவரியில் வொல்ஃப்ஸ்பர்க் போனார். அங்கே ஆட்டமே அவர் காலைச் சுற்றி அமைக்கப்பட்டது. 2014–15-ல் ஜெர்மன் கோப்பை, இறுதி ஆட்டத்தில் ஒரு கோல், ஜெர்மனியின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர் பட்டம் எல்லாம் வந்தன. அதன் பிறகே மான்செஸ்டர் சிட்டி. சலா 2015 பிப்ரவரியில் லோனில் ஃபியோரென்டினா போய், மிச்சமிருந்த சீசனில் 16 லீக் ஆட்டம், 6 கோல். அடுத்து ரோமாவில் இரண்டு சீசன், லீக்கில் 14, 15 கோல். 2017-ல் லிவர்பூல் போய் 36 ஆட்டத்தில் 32 கோல் போட்டது, இத்தாலியில் இரண்டரை வருடம் வாரம் தவறாமல் ஆடிய காலின் பலன்.

ஒரு பையன் தேறியிருக்கிறானா என்று பார்க்க, புதுக் கிளப்பின் பெயரை விட அங்கே அவன் ஆடிய நிமிடங்களை எண்ணுங்கள்.

தியரி ஹென்றி, ஆந்த்ரேயா பிர்லோ இவர்கள் கிளப் மாறியதும் இடமும் மாறியது என்கிறார்களே?
— குளச்சல் வாசகர்

இந்தக் கேள்விக்காகவே ஒரு இதழ் போடலாம். இடம் மாற்றித் தேறியதற்கு இவர்களைப் போல நல்ல உதாரணம் கிடையாது.

ஹென்றி 1999 ஜனவரியில் மொனாக்கோவிலிருந்து யுவென்டஸ் போனார். அங்கே அவரை இடது ஓரத்தில் போட்டார்கள். கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடுகிற வேலை. 16 லீக் ஆட்டத்தில் 3 கோல். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்சனலுக்கு எடுத்த வெங்கர், மொனாக்கோவில் அவருக்கு முதன்முதலாக வாய்ப்புக் கொடுத்த அதே கோச். ஹென்றியை நடுவில் ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார். தொடக்கத்தில் பல ஆட்டம் கோலே வரவில்லை. கோச் அசையவில்லை. அந்த சீசன் முடியும்போது லீக்கில் மட்டும் 17. ஆர்சனலை விட்டுப் போகும்போது மொத்தம் 226, பிறகு 2012-ல் லோனில் வந்து போட்ட இரண்டும் சேர்ந்து 228. இடது ஓரத்தில் ஓடிய நாட்களும் வீண்போகவில்லை. இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வந்து வலது காலால் தூரக் கம்பத்தின் ஓரம் பந்தை உருட்டிவிடுவது அவர் கையெழுத்து ஆயிற்று.

பிர்லோ இன்டர் மிலானில் பத்தாம் எண்காரர், அதாவது ஸ்ட்ரைக்கருக்கு நேர் பின்னால். அங்கே முதுகில் எப்போதும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரன் ஒட்டிக்கொண்டிருப்பான். பிர்லோவுக்கு வேகம் கிடையாது. உடம்பால் தள்ளிப் பந்தைக் காக்கிறவரும் இல்லை. 2001-ல் லோனில் பிரேசியா போனபோது அங்கே பத்தாம் எண் இடத்தில் ரொபெர்த்தோ பாஜ்ஜோ இருந்தார். கோச் மத்சோனே, பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு முன்னால் இறக்கினார். பந்து கிடைக்கும்போது முகம் எதிர்க் கோலைப் பார்த்திருக்கும், சுற்றிலும் பத்தடி இடம் இருக்கும். வேகம் தேவைப்படாது, பார்வை போதும். அந்தக் கோடையில் ஏசி மிலான் வாங்கியது. 2003, 2007 இரண்டு சாம்பியன்ஸ் லீக். நடுவில் 2006 உலகக் கோப்பை. 2011-ல், 32 வயதில், மிலான் அவரை விட்டுவிட, விலை எதுவும் இல்லாமலே யுவென்டஸ் போய் தொடர்ந்து நாலு லீக் பட்டம் எடுத்தார்.

அண்மை உதாரணமும் உண்டு. ஸ்காட் மெக்டொமினே மான்செஸ்டர் யுனைடெட்டில் பல வருடம் தற்காப்பு மிட்ஃபீல்டராகவே ஆடினார். 2024 ஆகஸ்டில் நாப்போலி போனதும் கோச் கோன்டே அவரை முன்னே தள்ளி, கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் தாமதமாக ஓடி நுழைகிற வேலையைக் கொடுத்தார். 12 லீக் கோல், இத்தாலிய லீக்கின் அந்த சீசன் சிறந்த வீரர், நாப்போலிக்குப் பட்டம்.

ரியல் மாட்ரிட் விட்டவர்கள் மாட்ரிட்டிலேயே இறுதி ஆட்டம் ஆடினார்கள் என்பது நிஜமா?
— குறும்பனை வாசகர்

நிஜம். ஆர்யென் ராபன், வெஸ்லி ஸ்னைடர் இருவரையும் 2009 கோடையில் ரியல் மாட்ரிட் விற்றது. ராபன் பயர்னுக்கு, ஸ்னைடர் இன்டருக்கு. 2010 மே 22 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்திலேயே நடந்தது. இருவரும் எதிரெதிரே. இன்டர் 2–0.

நம்ம மைக்கேல் சூசைராஜ் கிளப் மாறியது நல்லதுக்கா? சென்னை சிட்டியிலேயே இருந்திருந்தால் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியிருப்பாரே?
— இரவிபுத்தன்துறை வாசகர்

சொந்த ஊர்ப் பிள்ளை என்பதால் கேள்வியில் உரிமை தெரிகிறது. சூசைராஜ் 2018-ல் சென்னை சிட்டியை விட்டு ஜாம்ஷெட்பூர் போனார். அடுத்த சீசனான 2018–19-லேயே சென்னை சிட்டி ஐ-லீக்கை வென்றது. அந்தக் கோப்பை அவர் கைக்கு வராமல் போனது உண்மை. ஆனால் கணக்கை அங்கே நிறுத்தக்கூடாது. ஜாம்ஷெட்பூரில் ஒரு சீசன் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தரத்தில் ஆடியதால்தான் 2019-ல் இந்திய அணிக்குள் வந்தார். அதே ஆண்டு கொல்கத்தாவின் ஏடிகே கிளப் அவரை எடுத்தது. கோச் அபாஸ், மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களை வைத்து ஆடும் முறையில், இடதுகால்காரரான இவரை இடது விங்-பேக்காக மாற்றினார். முழுப் பக்கமும் ஒரே ஆள் பொறுப்பு. தாக்கவும் வேண்டும், ஓடிவந்து தடுக்கவும் வேண்டும். 2019–20 ஐ.எஸ்.எல். பட்டம் ஏடிகேவுக்குத்தான் வந்தது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பர் 20 அன்று, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக முழங்காலில் பலத்த காயம். அதைக் கிளப் மாறியதன் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. காயம் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் வரும். கடற்கரை மணலில் பந்து உருட்டிய ஒரு பையன், ஒவ்வொரு மாற்றத்திலும் முன்பு ஆடியதை விடக் கடினமான வேலையைக் கற்றுக்கொண்டு போனார். நம் பக்கத்துப் பிள்ளைகள் அவரிடம் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

மகனுக்கு 16 வயசு. ஒரு அகாடமியில் 2 வருசமாக இருக்கிறான். பெஞ்சில்தான் உட்காருகிறான். வேறொரு கிளப்பில் வா என்கிறார்கள். அனுப்பலாமா? அவன் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். முடிவெடுக்க நான் ஒருத்திதான்.
— முட்டம், ஒரு தாய்

அம்மா, முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கடைசிப் பத்து ஆட்டத்தை மகனிடம் கேட்டு எழுதுங்கள்: எத்தனை நிமிடம் ஆடினான், எந்த இடத்தில் ஆடினான், எதிரணி எது. ஆடக் கிடைத்திருக்கக்கூடிய மொத்த நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு இடத்தில் போட்டிருந்தால் அதுவும் கவலைதான். பாதிக்கு மேல் ஆடியிருந்தால், "பெஞ்சில்தான்" என்பது பையனின் மனத்தாங்கல். அதற்குக் கிளப் மாற்ற வேண்டாம்.

அடுத்து, இப்போதைய கோச்சிடம் நேரில் போய் ஒரே ஒரு கேள்வி: "எந்த இரண்டு விஷயத்தைத் திருத்தினால் என் பிள்ளைக்கு இடம் கிடைக்கும்?" அவர் குறிப்பாகச் சொன்னால், "இடது கால் பாஸ் சரியில்லை, பந்து போனதும் திரும்பி ஓட மாட்டேன் என்கிறான்" என்கிற மாதிரி, எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பிள்ளையின் குறையைத் தெரிந்து வைத்திருக்கிற கோச் லேசில் கிடைக்க மாட்டார். "பார்ப்போம், பார்ப்போம்" என்றால் அங்கே அவனைக் கவனிக்க ஆளில்லை என்று பொருள்.

புதுக் கிளப்பிடம் கேட்க வேண்டியவை வேறு. மகன் ஆடும் இடத்தில் அவன் வயதில் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர்? மூன்று பேருக்கு மேல் இருந்தால் அதே பெஞ்ச், வேறு ஊர். ஆண்டுக்கு எத்தனை போட்டி ஆட்டம்? பயிற்சி ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லாதீர்கள். கூப்பிடுகிற கோச் அடுத்த சீசனும் இருப்பாரா? காயம் பட்டால் ஸ்கேன், பிசியோ செலவு யாருடையது? பள்ளிக்கூடம் எது? பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ நடக்கிற வருடம் என்றால், பொதுத்தேர்வு முடிந்து மே மாதத்துக்கு மேல் மாறுவதே நல்லது. விடுதியில் சாப்பாட்டையும் ஒரு நேரம் உட்கார்ந்து பாருங்கள். மீன்கறியும் மரச்சீனியும் தின்று வளர்ந்த பையனுக்கு முதல் இரண்டு மாதம் எடை குறைவது சாதாரணம். முட்டை, பால், பருப்பு தினமும் தட்டில் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி காகிதம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். என்ற கணினிப் பதிவில் அவன் பெயர் இருக்கும். மாறுவதற்குப் பழைய கிளப் அதில் விடுவிக்க வேண்டும். பதிவு மாற்றுவதற்கென்று ஆண்டுதோறும் தேதி அறிவிப்பார்கள். அந்தத் தேதி தாண்டினால் புதுக் கிளப்பில் பயிற்சி மட்டும் எடுக்கலாம், போட்டி ஆட முடியாது. பழைய கிளப்போடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் இந்த விடுவிப்புத்தான் இழுத்தடிக்கும். அதனால் எதையும் எழுத்தில் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றில், வீட்டுப் பெயர் ஒன்றில் இருப்பது வழக்கம். கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான். வயதை உறுதிப்படுத்த மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

அவன் அப்பா கரையில் இருக்கிற நாளிலேயே முடிவைப் பேசி, கையெழுத்து வேண்டிய தாள்களில் போட்டு வாங்கி வையுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். நீங்களே பாதுகாவலராகக் கையெழுத்திடலாமா என்பதையும் கிளப்பிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 18 வயதுக்குள் எந்த ஒப்பந்தமும் 3 வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. "ஐந்து வருடம் எழுதுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால், 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு பதிவு மாற்றுவது சில விதிவிலக்கு தவிர அனுமதி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பெரிய கிளப்பில் செலக்ஷன் வாங்கித்தர இத்தனை லட்சம் என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆடத் தெரிந்தவனைக் கிளப்தான் காசு கொடுத்து எடுக்கும்.

ஊரில் மணலில் நல்லா ஆடினேன். சென்னைக் கிளப்புக்கு வந்து 4 மாதம். இங்கே டர்ஃப், அதாவது செயற்கைப் புல். பந்து காலில் நிற்க மாட்டேங்குது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. கோச் கடைசி 10 நிமிடம்தான் இறக்குகிறார்.
— சின்னத்துறை மாணவர்

தம்பி, உங்களுக்கு மூன்று பிரச்சினை ஒன்றாக வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் மூன்றும் தீரும்.

முதலாவது, பந்து. மணல் பந்தின் வேகத்தைத் தின்றுவிடும். அதனால் கடற்கரையில் ஆடுகிறவர்கள் பந்தைத் தூக்கியே கொடுப்பார்கள், தொடையிலும் நெஞ்சிலும் வாங்குவார்கள், தரையில் வருவது தானாக நிற்கும் வரை காத்திருப்பார்கள். டர்ஃபில் பந்து நிற்காது. ஊர்ப் பந்தில் காற்றும் குறைவாக இருக்கும். விதிப்படி பந்தின் அழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ., எடை 410 முதல் 450 கிராம். மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்கி, பயிற்சிப் பந்தை 10–11-ல் வைத்துப் பழகுங்கள்.

நாலு கோன் வைத்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். கூட்டாளி 12–15 மீட்டர் தள்ளி நின்று தரையோடு வேகமாக அடிக்கட்டும். முதல் டச்சிலேயே பந்து சதுரத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு காலுக்கு 25 பந்து. பந்து எகிறித் தெறித்தால் கணுக்கால் விறைப்பாக இருக்கிறது, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. பந்து பாதத்தின் மேலேறித் தாண்டினால் பாதம் தரையோடு ஒட்டியிருக்கிறது. நாலு விரல்கடை தூக்கி, பந்தின் நடுவில் படும்படி வைத்து, படுகிற நொடியில் காலை ஒரு சாண் பின்னால் இழுங்கள். 25-ல் வெளியே போவது ஐந்துக்குக் குறைந்ததும், அடுத்த படி: மூன்றாவது ஆளை முதுகுப் பக்கம் நிறுத்துங்கள். பந்து கூட்டாளியின் காலை விட்டுப் புறப்படுவதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, அவர் காட்டும் விரல் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். மைதானத்தில் நேரம் போதவில்லை என்று தோன்றுவதில் முக்கால்வாசி, பந்து வந்த பிறகு சுற்றிப் பார்ப்பதால் வருவது.

இரண்டாவது, எலும்பு வலி. மணல் காலடியில் நழுவிக்கொடுக்கும், டர்ஃப் கொடுக்காது. திடீரென்று தினமும் டர்ஃபில் ஓடினால் முன்னெலும்போரம் வலிக்கும். இரண்டு வாரம் குதிப்பதையும் முழுவேக ஓட்டத்தையும் பாதியாகக் குறையுங்கள், கோச்சிடம் சொல்லிவிட்டே குறையுங்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, முழங்கால் நேராக 15 தடவை, மடித்து 15 தடவை, இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பூட்ஸையும் பாருங்கள். புல் மைதானத்துக்கான பூட்ஸின் அடியில் இருக்கும் நீளப் பட்டை ஸ்டட் (முளை), டர்ஃபில் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாது, முழங்கால் முறுகும். டர்ஃபுக்கு ஏஜி என்று குறித்த குட்டை உருண்டை ஸ்டட், தேய்ந்த பழைய டர்ஃபுக்கு டிஎஃப் என்ற சிறு மொட்டு அடிப்பாகம். வலி ஒரே விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் இருந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நூல் விரிசல் இருந்தால் முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். இதில் வீரம் காட்டினால் சீசனே போய்விடும்.

மூன்றாவது, கடைசிப் பத்து நிமிடம். ஊரில் பெரும்பாலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான். பல செவன்ஸ் போட்டியில் ஆஃப்சைடு பார்ப்பதில்லை, ஸ்ட்ரைக்கர் கோல் பக்கம் நின்று காத்திருக்கலாம். பெரிய மைதானம் 105-க்கு 68 மீட்டர். பந்து எதிரணியிடம் இருக்கும்போது நீங்கள் நிற்கும் இடம் பத்தடி பிசகினால் பின்னால் ஒரு வாசல் திறந்துவிடும். கோச் உங்களைத் தாமதமாக இறக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பயம்தான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், "பந்து நம்மிடம் இல்லாதபோது நான் எங்கே நிற்கணும்?" என்று வரைந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு வலி அடங்கிய பிறகு, வாரம் இருமுறை நாலு நிமிடம் கடும் ஓட்டம், மூன்று நிமிடம் மெல்லோட்டம், நாலு தடவை ஓடுங்கள்.

ஊருக்கு லீவில் வந்தால் மணலை ஒதுக்காதீர்கள். மணலில் வளர்ந்த கணுக்கால் உறுதியும், காற்றில் வரும் பந்தை அடக்கும் தைரியமும் டர்ஃபில் வளர்ந்தவனுக்குக் கிடைக்காது.

மாறிக் கெட்டவர்கள் இல்லையா?
— கருங்கல் வாசகர்

நிறைய. ஃபெர்னாண்டோ டோரஸ் 2011 ஜனவரி கடைசி நாளில் 5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலிலிருந்து செல்சி போனார். மிச்ச சீசனில் லீக்கில் ஒரே கோல். முந்தின ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. லிவர்பூலில் அவருக்கு முன்னால் ஓடத் திறந்த வெளி இருந்தது, செல்சி ஆட்டத்தில் அது குறைவு. எடன் ஹசார்ட் ரியல் மாட்ரிட்டில் நாலு வருடத்தில் 76 ஆட்டம், 7 கோல். காயத்தின் மேல் காயம். கூட்டினியோவை 2018-ல் பார்சிலோனா பெரும்பணம் கொடுத்து வாங்கியது. அவருக்குப் பிடித்த இடத்தில் மெஸ்ஸி ஆடிக்கொண்டிருந்தார். 2019-ல் லோனில் பயர்னுக்குப் போய், 2020-ல் பார்சிலோனாவை 8–2 என்று வென்ற ஆட்டத்தில் அந்த எட்டில் இரண்டை அடித்தவர் அதே கூட்டினியோ. ஆட இடமில்லாத அணிக்குப் போனால், எவ்வளவு பெரிய பெயரானாலும் இந்த நிலைதான்.

உயரம் குறைவு என்று அகாடமியில் கழித்துவிட்டார்கள். 15 வயசு.
— மார்த்தாண்டம் வாசகர்

ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 16 வயதில் இதே காரணம் சொல்லி விட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்ன லீக்குகளில் ஆடி, 2012-ல் லெஸ்டர் போய், 2015–16-ல் 24 லீக் கோலோடு பட்டம் வென்றார். பிரான்ஸில் பல கிளப் ஒதுக்கிய கிரீஸ்மனை ஸ்பெயினின் ரியல் சொசியேடாட் எடுத்துக்கொண்டது. பையன்களில் சிலர் 13-ல் வளருவார்கள், சிலர் 16-ல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரத்தை அளந்து வாருங்கள். வேகமாக வளர்கிற மாதங்களில் முழங்காலுக்குக் கீழ் முடிச்சில் வலி வந்தால் குதிக்கும் பயிற்சியைக் குறையுங்கள். இந்த வருடம் வாரந்தோறும் ஆட்டம் கிடைக்கிற சிறு கிளப்பே உங்களுக்கு நல்லது.

எங்கள் ஊர் மன்றத்தில் வளர்ந்த பையன் பெரிய கிளப்புக்குப் போனால் மன்றத்துக்குப் பணம் வருமா?
— கடியப்பட்டணம், மன்றச் செயலாளர்

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் 5 சதவீதம் அவரை 12 வயது தொடங்கி 23 வயதுக்குள் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் அந்தத் தொகையில் 5 சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம். உதாரணமாக விலை 1 கோடி ரூபாய் என்றால் பங்குத்தொகை 5 லட்சம். உங்கள் மன்றம் 12 முதல் 15 வரை நாலு சீசன் வைத்திருந்தால் 1 லட்சம் வரும். இந்தியாவுக்குள்ளேயே, இந்தியக் கிளப்புகளிலேயே வளர்ந்த வீரர் மாறும்போது இந்த விதி பொருந்தாது.

இதற்கெல்லாம் ஒரே அடிப்படை பதிவு. மன்றம் மாவட்டச் சங்கம் வழியாக மாநிலச் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பையன் பெயர் அந்த வருடங்களில் சி.ஆர்.எஸ்.-ல் உங்கள் மன்றத்தின் கீழ் இருக்க வேண்டும். திருவிழாப் போட்டி நோட்டீஸும், கோப்பையோடு எடுத்த படமும் சாட்சியாகாது. இந்த சீசனிலிருந்தே 12 வயதுக்காரர்களைப் பதியத் தொடங்குங்கள்.

கிளப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு ஊர்த் திருவிழா செவன்ஸில் ஆடலாமா? ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.
— பூத்துறை வாசகர்

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அனுமதியில்லாமல் வேறு போட்டியில் ஆடக்கூடாது என்ற வரி அனேகமாக இருக்கும். அது இருக்கும்போது செவன்ஸில் ஆடிக் காயம்பட்டால் சிகிச்சைச் செலவைக் கிளப் ஏற்காது, சம்பளத்தையும் நிறுத்தலாம். ஊரில் கேட்டால் கிளப் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொல்லி, திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள். கொடுத்தால் ஆடுங்கள். கொடுக்காவிட்டால் அன்றைக்கு மைதானத்தில் ஊர் டீமுக்குக் கோச்சாக நில்லுங்கள். சின்னப் பையன்களுக்கு அது இன்னும் பிடிக்கும்.